வெற்றுப் பட்டியலின் பொருள் என்ன? வானியல் தரவுச் சேவைகளைக் கட்டுவோருக்கு ஒரு திறந்த மடல்



ஒரு வானாய்வகத்தின் பதிவுகளை உலகின் எந்த மூலையிலிருந்தும் எந்த மென்பொருளாலும் தேடி எடுக்கத்தக்க வகையில் திறந்துவைப்பது இன்று தொழில்நுட்ப அளவில் அரிய செயல் அன்று. அதற்கான பொதுத் தரங்கள் இருபதாண்டுகளுக்கும் மேலாக வகுக்கப்பட்டும் திருத்தப்பட்டும் வந்துள்ளன, அவற்றை நிறைவேற்றும் மென்பொருள்களும் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆயினும் எல்லாச் சோதனைகளிலும் தேறிய ஒரு சேவை, தன்னிடம் இருக்கும் தரவையே இல்லை என்று சொல்லிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் இயங்க முடியும் என்பதும், அதை எவரும் கவனிக்காமலே போக முடியும் என்பதும் இப்பணியில் இறங்குவோர் முதலிலேயே அறிந்திருக்க வேண்டிய உண்மைகள். இம்மடல் பெரிதும் அந்த ஒரு சிக்கலைப் பற்றியே பேசுகிறது.

வானியலார் தரப்படுத்தலுக்குப் புதியவர்கள் அல்லர். டான் வெல்ஸ், எரிக் கிரைசன், ரான் ஹார்ட்டன் ஆகியோர் 1981-இல் விவரித்து வெளியிட்ட ஃபிட்ஸ் என்னும் கோப்பு வடிவத்தைப் பன்னாட்டு வானியல் ஒன்றியம் அடுத்த ஆண்டே ஏற்றுக்கொண்டது. காந்த நாடாக்களில் படங்களை ஓர் ஆய்வகத்திலிருந்து மற்றோர் ஆய்வகத்துக்கு அனுப்புவதற்காகப் பிறந்த அவ்வடிவத்தில் கோப்பின் தலைப்பகுதி 80 எழுத்து கொண்ட வரிகளாலும் (துளையிட்ட அட்டைகள் ஆண்ட காலத்தின் எச்சம் அது), கோப்பு முழுவதும் 2880 பைட் கொண்ட கட்டங்களாலும் ஆனவை. பின்னர் வரும் திருத்தம் எதுவும் முன்பு செல்லுபடியான ஒரு கோப்பைச் செல்லாததாக்கக் கூடாது என்னும் விதியை அதன் காப்பாளர்கள் பிடிவாதமாகக் கடைப்பிடித்ததால், நாற்பதாண்டுப் பழமையான கோப்பும் இன்றைய மென்பொருளில் திறக்கிறது. ஆனால் ஃபிட்ஸ், கோப்பு கைக்கு வந்து சேர்ந்த பிறகு அதைப் படிக்கும் வழியை மட்டுமே தந்தது. அக்கோப்பு எங்கே இருக்கிறது, வானின் எப்பகுதியை, எந்நாளில், எந்த அலைநீளத்தில் காட்டுகிறது என்பவற்றைத் தொலைவிலிருந்து கேட்டறியும் வழியை அது தரவில்லை.

அவ்வழியை வகுப்பதற்காக 2002 ஜூன் மாதத்தில் பன்னாட்டு மெய்நிகர் வானாய்வகக் கூட்டணி உருவாயிற்று. மெய்நிகர் வானாய்வகம் என்பது புதிய தொலைநோக்கி எதையும் குறிப்பதன்று. பல நாடுகளில் சிதறிக் கிடக்கும் தரவு மையங்கள் ஒரே வகையான கேள்விக்கு ஒரே வகையான விடை தருமாறு செய்து, அவை அனைத்தையும் ஒரே ஆய்வகம்போலப் பயன்படுத்தும் ஏற்பாடு அது. அக்கூட்டணியின் தரங்களுள் விஓடேபிள் என்பது, எண்களோடு அவற்றின் அலகையும் பொருளையும் சேர்த்தே அனுப்பும் அட்டவணை வடிவம். யுசிடி என்பவை, ஒரு புலத்தில் உள்ள எண் வல ஏற்றமா, ஒளிப்பொலிவா, பிழை அளவா என்பதைக் கணினிக்கு உணர்த்தும் கட்டுப்படுத்தப்பட்ட குறிச்சொற்கள். 2010-இல் ஏற்கப்பட்ட டாப் என்னும் நெறிமுறை, தொலைவில் உள்ள தரவுத்தளத்தை நேரே வினவுவதற்கானது. அவ்வினவலை எழுதும் ஏ.டி.க்யூ.எல். மொழி, வணிக உலகம் அறிந்த எஸ்.க்யூ.எல். மொழியோடு வானத்துப் புள்ளி, வட்டம், பலகோணம் ஆகியவற்றைச் சேர்த்துக்கொண்டது. இச்சேவைகள் எங்கெங்கே உள்ளன என்பதைப் பதிவகம் என்னும் பொதுப்பட்டியல் கூறுகிறது.

இந்த ஏற்பாடு வேலை செய்கிறது என்பதற்குச் சான்று தேடி அலைய வேண்டியதில்லை. கையா விண்கலத்தின் மூன்றாம் வெளியீடு 2022 ஜூன் 13 அன்று வந்தபோது, அதன் ஏறத்தாழ 180 கோடி வான்பொருள்களின் அட்டவணையை எவரும் முழுவதுமாக இறக்கிக்கொள்ளத் தேவையிருக்கவில்லை. டாப் வழியாக வினவலை அனுப்பி வேண்டிய வரிகளை மட்டும் பெற்றுக்கொள்ள முடிந்தது. ஸ்ட்ராஸ்பர்க் தரவு மையத்தின் அலாடின் மென்பொருளும், பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் உருவான டாப்கேட் மென்பொருளும் தமக்கு முன்பின் அறிமுகமில்லாத சேவையிடமும் இவ்வாறே பேசுகின்றன.

இனிச் சிக்கலுக்கு வருவோம். ஒரு மனிதர் இணையப் பக்கத்தில் தேடி விடை வராவிட்டால் ஐயுறுகிறார், வேறு சொல்லால் தேடுகிறார், தொலைபேசியில் கேட்கிறார். பொதுத் தரத்தின் பயனோ, ஒரு சிறு நிரல் ஐம்பது சேவைகளை வரிசையாகக் கேட்டு, கிடைத்ததை ஒன்றுசேர்த்துத் தருவதில் இருக்கிறது. அந்த ஐம்பதில் ஒன்று வெற்றுப் பட்டியலைத் திருப்பினால், அந்நிரல் அதை முறையான விடையாகவே எடுத்துக்கொள்ளும். ஏனெனில் தரத்தின்படி அது முறையான விடைதான். ஆக, எந்தப் பண்பு இச்சேவைகளைப் பயனுள்ளவையாக்குகிறதோ அதே பண்பு அவற்றின் பிழைகளை மறைத்தும்விடுகிறது. மீத்தரவில், அதாவது தரவைப் பற்றிய தரவில், நேர்ந்த பிழை எந்தத் திரையிலும் சிவப்பு எழுத்தில் தோன்றுவதில்லை. அந்த இடத்தில் யாரும் நோக்கவில்லை என்ற முடிவாக அது ஆய்வுக் கட்டுரையில் போய்ச் சேர்கிறது.

பர்னார்டு விண்மீன் இதற்கு எளிய எடுத்துக்காட்டு. வானத்தில் மிக வேகமாக இடம்பெயரும் அவ்விண்மீன் ஆண்டுக்குச் சுமார் 10.4 வில்விநாடி நகர்கிறது. கையாவின் மூன்றாம் வெளியீடு விண்மீன்களின் இடத்தை 2016-ஆம் ஆண்டுக்குக் குறிக்கிறது. பழைய அட்டவணைகள் பலவும் 2000-ஆம் ஆண்டுக்குக் குறிக்கின்றன. இடைப்பட்ட பதினாறு ஆண்டுகளில் அது ஏறத்தாழ 166 வில்விநாடி, அதாவது இரண்டே முக்கால் வில்நிமிடம், விலகிவிட்டது. பழைய இடத்தை மையமாக வைத்து ஒரு வில்நிமிட வட்டத்துக்குள் தேடினால் அவ்விண்மீன் கையாவில் இல்லை என்றே விடை வரும். இங்கே சேவையின் மீது குற்றமில்லை. அடிப்படை ஆண்டு எது என்பதை அட்டவணை தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஆனால் ஆண்டைக் குறிப்பிடாமலோ, தவறாகக் குறிப்பிட்டோ வெளியிடப்படும் ஒரு சிறு அட்டவணையில் இப்பிழையைக் கண்டுபிடிக்கப் பயனருக்கு வழியே இல்லை. 1950-ஆம் ஆண்டின் ஆயத்தொலைகளை 2000-ஆம் ஆண்டினவாகக் கொண்டுவிட்டாலோ, புவியச்சின் அயன அசைவால் சுமார் 0.7 பாகை வரை, முழுநிலவின் விட்டத்தைவிடக் கூடுதலாக, இடம் பிசகும்.

பழைய ஒளிப்படக் கண்ணாடித் தட்டுகளைத் திறந்துவைக்க முனைவோருக்கு இச்சிக்கல் இன்னும் ஆழமானது. 1792-இல் கிழக்கிந்தியக் கம்பெனி நிறுவிய சென்னை வானாய்வகத்தின் வழித்தோன்றலான கோடைக்கானல் சூரிய ஆய்வகம் 1899-இல் தோன்றியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் அங்கு எடுக்கப்பட்ட சூரியப் படங்களின் தொடர், நூறாண்டுக் காலச் சூரியச் செயல்பாட்டைக் காட்டும் உலகின் அரிய சேகரங்களுள் ஒன்று. இந்திய வானியற்பியல் நிறுவனம் இத்தட்டுகளை எண்ணிமப் படங்களாக மாற்றியிருக்கிறது. இத்தகைய சேகரம் ஒன்றைப் பொதுத் தரத்தில் வெளியிடும்போது, படம் எடுத்த நேரம் என்னும் ஒற்றைப் புலத்தை நிரப்புவதே ஓர் ஆராய்ச்சி ஆகிவிடுகிறது. தரம் கேட்பது உலகப் பொது நேரத்தை. பழைய பதிவேடுகளில் இருப்பதோ உள்நாட்டு நேரம். இந்தியத் திட்ட நேரம் 1906-இல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் இந்திய ரயில்வேக்கள் பின்பற்றிய சென்னை நேரம் அதிலிருந்து ஒன்பது நிமிட அளவுக்கு வேறுபட்டது. இரண்டாம் உலகப் போரின்போது, 1942 முதல் 1945 வரை, இந்திய நேரம் ஒரு மணி முன்தள்ளி வைக்கப்பட்டிருந்தது. அந்த ஆண்டுகளில் தட்டின் உறைமேல் நேரத்தை எழுதியவர் புதிய கடிகாரத்தைப் பார்த்தாரா, ஆய்வகத்தின் பழைய வழக்கத்தைத் தொடர்ந்தாரா என்பதைப் பதிவேட்டின் மற்றக் குறிப்புகளோடு ஒப்பிட்டே முடிவுசெய்ய இயலும். எந்த நெறிமுறையும் அதைச் சொல்லித் தராது.

ஒரு மணி நேரப் பிழை அற்பமானதன்று. பூமியிலிருந்து காண்கையில் சூரியன் நாளொன்றுக்குச் சுமார் 13 பாகை சுழல்வதால், ஒரு மணியில் சூரிய வட்டத்தின் நடுவில் உள்ள ஒரு கரும்புள்ளி அரைப் பாகைக்கு மேல், அதாவது 6,000 கிலோமீட்டருக்கும் கூடுதலாக, நகர்ந்துவிடுகிறது. சூரிய ஒளியைச் சுழலும் கண்ணாடியால் திருப்பி நிலையான கருவிக்குள் செலுத்தும் சைடரோஸ்டாட் அமைப்பில் படமும் பகல் முழுவதும் சுழன்றுகொண்டிருக்குமாதலால், நேரம் தவறினால் சூரியனின் வடமுனை படத்தில் எத்திசையில் இருக்கிறது என்பதும் தவறிவிடும். நவீனக் கருவிகளுக்கும் இதில் விலக்கில்லை. உலகப் பொது நேரத்துக்கும் வானியலார் கணக்கிடப் பயன்படுத்தும் புவிசார் நேரத்துக்கும் 2017 முதல் 69.184 விநாடி வேறுபாடு உள்ளது. ஞாயிற்றுக் குடும்பத்தின் நிறைமையத்துக்கு நேரத்தைத் திருத்தினால் எட்டு நிமிடத்துக்கும் மேல் மாறக்கூடும். ஓர் அட்டவணையின் நேரம் எந்த அளவுகோலைச் சேர்ந்தது என்று முறையாக அறிவிப்பதற்கான கூறு விஓடேபிள் வடிவத்தில் 2019-இல்தான் சேர்ந்தது என்பதைக் காணும்போது, தரம் வகுத்தோருக்கே இச்சிக்கலின் முழு எடை காலம் கடந்துதான் புலப்பட்டது என்று கருத இடமுண்டு.

எந்தத் தரத்தைத் தேர்வது என்பது அடுத்த வினா. வான நோக்குகளை விவரிக்க 2011-இல் ஏற்கப்பட்ட ஆப்ஸ்கோர் என்னும் தரவு மாதிரி, ஒவ்வொரு படத்துக்கும் வல ஏற்றம், நடுவரை விலக்கம் என்னும் இரண்டு ஆயத்தொலைகளை எதிர்பார்க்கிறது. விண்மீன் கூட்டங்களுக்கு அது பொருந்தும். ஆண்டு முழுவதும் விண்மீன்களினூடே நகர்ந்துகொண்டிருக்கும் சூரியனுக்கு அவ்வெண்களால் பயன் மிகக் குறைவு. சூரியனையும் கோள்களையும் ஆய்வோர் தத்தம் வான்பொருளின் பரப்பு சார்ந்த ஆயத்தொலைகளையே நாடுவதால், அவர்களுக்கெனக் கோளியல் சமூகம் ஈபிஎன்-டாப் என்னும் மற்றொரு தரத்தை வளர்த்தது. கூட்டணி அதை 2022-இல் ஏற்றுக்கொண்டது. இரண்டும் ஒரே கூட்டணியின் தரங்களே. ஆயினும் ஆப்ஸ்கோர் நேரத்தைத் திருத்திய ஜூலியன் நாளாகக் கேட்கிறது, ஈபிஎன்-டாப் முழு ஜூலியன் நாளாகக் கேட்கிறது. இரண்டுக்கும் இடையே 24,00,000.5 நாள் வேறுபாடு. முன்னது நிறமாலை எல்லையை மீட்டர் அலகில் அலைநீளமாகவும், பின்னது ஹெர்ட்ஸ் அலகில் அதிர்வெண்ணாகவும் கேட்கிறது. கோடைக்கானலில் நெடுங்காலம் படம் பிடிக்கப்பட்ட கால்சியம் கே கோடு முதல் தரத்தில் 0.000000393 மீட்டராகவும், இரண்டாவதில் ஏறத்தாழ 762 டெராஹெர்ட்ஸாகவும் உருமாறுகிறது. அக்கோட்டை ஆங்ஸ்ட்ராமில் மட்டுமே எண்ணிப் பழகிய சூரிய ஆய்வாளருக்கு இரண்டுமே அன்னியம்தான். இதற்குச் சமூகங்களின் வரலாறு காரணமாகலாம். ஆனால் அது நல்ல வடிவமைப்புக்கு எடுத்துக்காட்டு என்று எவரும் வாதிட முடியாது.

அலகு மாற்றத்தில் ஒளிந்திருக்கும் பொறி ஒன்றைத் தனியே குறிப்பிட வேண்டும். ரேடியோ வானியலார் அதிர்வெண்ணில் சிந்திக்கிறார்கள், எக்ஸ்-கதிர் வானியலார் ஆற்றலில் சிந்திக்கிறார்கள். ஆப்ஸ்கோரோ எல்லாரையும் அலைநீளத்துக்கு அழைக்கிறது. 550 முதல் 850 மெகாஹெர்ட்ஸ் வரையிலான ஒரு ரேடியோ நோக்கை மாற்றி எழுதினால், 550 என்னும் கீழெல்லை 0.545 மீட்டர் என்னும் மேலெல்லையாகவும், 850 என்னும் மேலெல்லை 0.353 மீட்டர் என்னும் கீழெல்லையாகவும் இடம் மாறும். 0.3 முதல் 8 கிலோ எலெக்ட்ரான்வோல்ட் வரை நோக்கும் எக்ஸ்-கதிர்க் கருவிக்கும் இதே கதிதான். எல்லைகளை இடம் மாற்ற மறந்த நிரலர் நிரப்பிய அட்டவணையில் கீழெல்லை மேலெல்லையைவிடப் பெரிதாக நிற்கும். இவ்வலைநீளத்தை உள்ளடக்கிய நோக்குகள் எவை என்று கேட்கும் எந்த வினவலுக்கும் அந்த வரிகள் அகப்படா. மீண்டும் வெற்றுப் பட்டியல்.

தரங்களைச் சோதிக்கும் கருவிகள் இவற்றைப் பிடிக்காவா என்று கேட்கலாம். டாப்கேட் குடும்பத்தைச் சேர்ந்த டாப்லிண்ட் என்னும் சோதனைக் கருவி மிகக் கூர்மையானது. புலத்தின் பெயர், வகை, அலகு, நெறிமுறையின் ஒவ்வொரு கிளை என யாவற்றையும் துருவிப் பார்க்கிறது. ஒவ்வொரு சேவையாளரும் அதை இயக்கிப் பார்க்க வேண்டும். ஆனால் அது சோதிப்பது வடிவத்தை. பத்திரத்தில் நான்கெல்லையும் பிழையின்றி எழுதப்பட்டு, முத்திரையிட்டுப் பதிவும் ஆன பிறகு, நிலத்தில் எல்லைக்கல் வேறிடத்தில் நிற்பதைப் பதிவு அலுவலகம் அறிய முடியாததைப் போன்றதே இதுவும். கல்லைச் சரிபார்க்க ஆள் நிலத்துக்குத்தான் போக வேண்டும்: நன்கறிந்த பத்துப் பதினைந்து வான்பொருள்களை எடுத்துக்கொண்டு, அவற்றின் விடை என்னவாக இருக்க வேண்டும் என்பதை முன்கூட்டியே எழுதி வைத்து, அயலார் பயன்படுத்தும் மென்பொருளின்வழியே தன் சேவையைத் தானே கேட்டுப் பார்க்கும் வானியலார் ஒருவரின் உழைப்புக்கு மாற்று இல்லை.

தரங்களும் முதுமை எய்துகின்றன. கூம்புத் தேடல் என்பது, ஒரு புள்ளியைச் சுற்றி இத்தனை பாகைக்குள் என்ன இருக்கிறது என்று கேட்கும் மிக எளிய நெறிமுறை. 2008-இல் ஏற்கப்பட்ட அதன் வடிவம், யுசிடி குறிச்சொற்களின் புதிய முறை 2005-லேயே வந்துவிட்ட போதிலும், பழைய முறைச் சொற்களையே கேட்கிறது. எனவே ஒரே சேவையாளர் ஓரிடத்தில் பழைய சொல்லையும் மற்றோரிடத்தில் புதிய சொல்லையும் எழுத வேண்டியுள்ளது. படங்களைத் தேடும் நெறிமுறையின் இரண்டாம் பதிப்பு 2015-இல் வந்தபோது முதற்பதிப்போடு ஒத்துப்போகாத அளவுக்கு மாறியது. இன்றும் பயனர் மென்பொருள்கள் இரண்டையும் சுமக்கின்றன. ஃபிட்ஸ் காட்டிய பிடிவாதத்தைப் பிற்காலத் தரங்கள் எல்லாம் காட்டவில்லை என்பது ஒரு குறையே. ஆயினும் அப்பிடிவாதத்துக்குக் கொடுத்த விலையாக ஃபிட்ஸ் நெடுங்காலம் எட்டு எழுத்துப் பெயர்களோடு மூச்சுத் திணறியது என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

இத்தனையையும் அறிந்த பிறகு, நெறிமுறைகளைத் தாமே முதலிலிருந்து நிரலாக்க முனைவோரிடம் இம்மடல் கூறுவது ஒன்றே: வேண்டாம். ஹைடெல்பெர்க்கில் ஜெர்மானிய மெய்நிகர் வானாய்வகத்தார் உருவாக்கிய டாக்ஸ் தொகுப்பு, ஒரு விவரணைக் கோப்பை எழுதிக் கொடுத்தாலே கூம்புத் தேடலையும் டாப் சேவையையும் பதிவகக் குறிப்பையும் தானே அமைத்துக் கொடுக்கிறது. கனடா வானியல் தரவு மையத்தின் திறந்த நிரல்களும் அவ்வாறே பெரிய மையங்களுக்கு உதவுகின்றன. மிச்சப்படும் உழைப்பை நேரம், இடம், அலகு ஆகிய புலங்களுக்குச் செலவிடுவதே அறிவுடைமை. பொத்தான்களும் வண்ணப்படங்களும் நிறைந்த இணைய வாயிலை முதலில் கட்டி, இயந்திரம் படிக்கும் சேவையைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று தொடங்கும் திட்டங்கள், பெரும்பாலும் வாயிலோடு நின்றுவிடுகின்றன. திறப்பு விழாவுக்கு வாயில் உதவுமே தவிர ஆய்வுக்கு அதனால் பயன் சிறிதே.

மறுபுறம், எல்லாவற்றுக்கும் தரம் வந்துவிட்டது என்று எண்ணுவதும் பிழை. இத்தரங்கள் பொதுவில் திறந்த தரவையே மனத்திற்கொண்டு பிறந்தன; நோக்கிய ஆய்வாளருக்கு முதலில் சில காலம் தனியுரிமை அளிக்கும் ஆய்வகங்களில், யார் எவ்வரியைக் காணலாம் என்னும் அனுமதிச் சிக்கலுக்கு ஒத்திசைந்த தீர்வு இன்னும் முழுமையாக வேரூன்றவில்லை. சிலியின் ரூபின் ஆய்வகம்போல் இரவொன்றுக்கு ஏறத்தாழ 20 டெராபைட் படங்களைக் குவிக்கும் இடங்களில், தரவைப் பயனரிடம் அனுப்புவதைவிடப் பயனரின் நிரலைத் தரவிடம் கொண்டுசெல்வதே முறை என்றாகிவிட்டது.

இந்தியாவுக்கு இத்துறை அயலானதன்று. புணேயில் உள்ள ஐயூகா மையமும் பெர்சிஸ்டென்ட் மென்பொருள் நிறுவனமும் சேர்ந்து நடத்திய மெய்நிகர் வானாய்வக முயற்சி, இக்கூட்டணியின் தொடக்கக் காலத்திலேயே விஓபிளாட் போன்ற கருவிகளை உலகுக்கு அளித்தது. 2015 செப்டம்பர் 28 அன்று ஏவப்பட்ட அஸ்ட்ரோசாட் விண்கலம் புறஊதாக் கதிர் முதல் கடின எக்ஸ்-கதிர் வரை ஒரே வேளையில் நோக்கியது. புணே அருகில் உள்ள மாபெரும் மீட்டரலை ரேடியோ தொலைநோக்கியின் ஆவணமும், ஜவ்வாது மலையில் காவலூர் ஆய்வகத்தின் நீண்ட நோக்குத் தொடரும் உடன் உள்ளன. ரேடியோ அலை முதல் எக்ஸ்-கதிர் வரை, கண்ணாடித் தட்டு முதல் விண்கலம் வரை இத்தனை வகைத் தரவு ஒரே நாட்டில் சேர்ந்திருப்பதால், ஒரு தரம் எங்கெங்கே பொருந்தவில்லை என்று சொல்லும் தகுதி இங்குள்ளோருக்கு உண்டு. கூட்டணியின் நடைமுறைப்படி ஒரு வரைவு, ஒன்றோடொன்று ஒத்தியங்கும் குறைந்தது இரண்டு நிறைவேற்றங்களைக் காட்டிய பின்பே பரிந்துரையாக உயர்கிறது. அத்தகைய நிறைவேற்றங்களுள் ஒன்றைத் தருவது, தரம் இறுகிய பின் அதைக் குறைகூறுவதைவிடப் பயன் மிக்கது.

ஆகவே, தட்டுகளையும் கோப்புகளையும் வெளியிட இருக்கும் ஆய்வகத்தார் தம் பதிவேடுகளின் நேர வழக்கத்தையும், அதைத் தீர்மானித்த காரணத்தையும், தீர்க்க இயலாத ஐயங்களையும் ஒரு குறிப்பாக எழுதித் தரவோடு சேர்த்தே வெளியிட வேண்டும். நிதி ஒதுக்குவோர், அடுத்த திட்டக் கோரிக்கை மேசைக்கு வரும்போது, சர்வருக்கும் இணைய வாயிலுக்கும் கேட்டுள்ள தொகையைப் பார்ப்பதற்கு முன், திட்டக் காலம் முடிந்த பிறகு இப்புலங்களைத் திருத்தப்போகிறவர் யார், அவருடைய ஊதியம் எந்தக் கணக்கிலிருந்து வரும் என்னும் இரண்டு கேள்விகளைக் கேட்க வேண்டும். அவற்றுக்கு விடை இல்லாத கோரிக்கையைத் திருப்பி அனுப்புமாறு இம்மடல் வேண்டிக்கொள்கிறது.